சிங்கப்பூர்க் கல்லை எதைக் கொண்டு கற்பிப்பது?

அடுத்த தவணையில் உயர்நிலை ஒன்றாம் வகுப்புக்கு இரண்டு வாரத் தமிழ்ப் பாடம் ஒன்றை அமைக்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. பாடப்பொருளாகச் சிங்கப்பூர்க் கல்லைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரத்துக்கு நின்ற அந்த மணற்பாறையை, 1819இல் அங்கே காடு திருத்தியவர்கள் கண்டார்கள். அதில் ஐம்பது வரி அளவுக்கு எழுத்து இருந்தது. 1843இல் கட்டுமானப் பணிக்கு இடம் வேண்டும் என்று அதை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். எஞ்சிய துண்டு ஒன்று இன்று தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதில் எழுதியிருப்பதை இதுவரை யாரும் உறுதியாகப் படித்துச் சொன்னதில்லை. தெரிந்தது எது, ஊகம் எது, நம் ஆசை எது என்று பதின்மூன்று வயதுப் பிள்ளைகளைப் பிரித்துப் பார்க்கச் சொல்வதற்கு இதைவிட நல்ல பொருள் நம் ஊரில் கிடைப்பது அரிது.

பாடத்துக்கு வேண்டிய உரைப்பகுதியையும் படங்களையும் காணொளிகளையும் எங்கிருந்து எடுப்பது என்பதுதான் நான் முடிவு செய்ய வேண்டியது. கல்வி அமைச்சின் இணையத்தளமான மாணவர் கற்றல் தளத்தில் உள்ள ஆயத்தப் பாடங்களைத் தழுவிக்கொள்ளலாம். திறந்த இணையத்தில் தேடித் திரட்டலாம். தேசிய நூலகம், அரும்பொருளகம் போன்ற உள்ளூர்க் காப்பகங்களின் பதிவுகளிலிருந்து நானே எழுதலாம். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எழுதித் தரும்படி கேட்கலாம். சக தமிழாசிரியர்கள் பலரும் இதே நிலையில் இருப்பார்கள் என்பதால், ஒவ்வொரு வழியையும் இந்த ஒரே பாடத்தை வைத்துச் சோதித்துப் பார்த்ததில் கண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் எந்த வழி நல்லது என்ற கேள்விக்கு வகுப்பைப் பார்க்காமல் விடை கிடையாது. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்கள் முதற்கொண்டு விரைவுநிலை, வழக்கநிலை என்று மாணவரைத் திறன்படி பிரிக்கும் பிரிவுகள் இல்லை. ஒவ்வொரு பாடத்தையும் அவரவருக்கு ஏற்ற நிலையில் படிக்கும் பாட அடிப்படையிலான வகைப்படுத்துதல் முழுமையாக நடப்புக்கு வந்துவிட்டது. என் அறையில் பத்தொன்பது பேர் அமர்கிறார்கள். அவர்களுள் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஆண்டு குடிவந்த ஒரு மாணவி எந்தப் பத்தியையும் தங்குதடையின்றிப் படிப்பாள். ஆனால் கன்னிங் கோட்டை எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. வீட்டில் மலையாளம் பேசும் ஒரு மாணவனுக்குத் தமிழ், பள்ளியில் மட்டுமே புழங்கும் மொழி. எழுத்துகள் இடம் மாறித் தெரியும் வாசிப்புக் குறைபாடு உள்ளவர் ஒருவர், காதொலிக் கருவி அணிபவர் ஒருவர். மற்றவர்களில் பாதிப்பேருக்கு மேல் வீட்டில் ஆங்கிலம் பேசுகிறார்கள். இது என் வகுப்பின் தனிக்கதை அன்று. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் வீட்டில் ஆங்கிலத்தையே அதிகம் பேசுவோர் 48.3 விழுக்காடு, தமிழை அதிகம் பேசுவோர் 2.5 விழுக்காடு.

பொதுவாக நாம் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்கிறோம். "இந்த இணையப்பக்கத்தை நம்பலாமா?" என்பது ஒன்று, "இது என் மாணவர் எல்லாருக்கும் எட்டுமா?" என்பது மற்றொன்று. முதலாவதை நூலகரின் வேலையாகவும் இரண்டாவதைச் சிறப்புத் தேவைக்கான கல்வி அலுவலரின் வேலையாகவும் எண்ணிக்கொள்கிறோம். இந்தப் பாடத்தை அமைக்கத் தொடங்கிய பிறகு, இரண்டும் ஒரே கேள்வியின் இரண்டு பக்கங்கள் என்று எனக்குப் பட்டது. ஒரு பக்கத்தை எழுதியவர் யாரை மனத்தில் வைத்து எழுதினார் என்று கேட்டாலே, அவர் எதை மிகைப்படுத்தியிருப்பார் என்பதும் யாரை மறந்திருப்பார் என்பதும் சேர்ந்து தெரிந்துவிடும்.

மாணவர் கற்றல் தளத்திலிருந்து தொடங்குகிறேன். 2018இல் எல்லாப் பள்ளிகளுக்கும் வந்த இத்தளத்தின் பெரிய பலம், எந்தப் பிள்ளையும் வெளியே நிற்க வேண்டியதில்லை என்பது. உயர்நிலை மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கற்றல் சாதனம் இருக்கிறது, ஒரே கடவுச்சொல்லில் பாடம் திறக்கிறது, விளம்பரம் இல்லை, பாடம் முடிந்ததும் வேறொரு காணொளி தானாக ஓடத் தொடங்குவதுமில்லை. 2020 ஏப்ரலில் வீட்டிலிருந்தே கற்ற நாள்களில் இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நாம் அனைவரும் உணர்ந்தோம். ஆயத்தப் பாடத்தை அப்படியே மாணவருக்குக் கொடுக்கலாம், படியெடுத்துத் திருத்தவும் செய்யலாம். ஆனால் ஆயத்தப் பாடம் ஒரு நடுத்தர மாணவரைக் கற்பனை செய்துகொண்டு எழுதப்படுகிறது, அதைத் தவிர்க்க முடியாது. என் வகுப்பில் அந்த நடுத்தர மாணவர் இல்லை. மேலும், சக ஆசிரியர்கள் பகிரும் பாடங்கள் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டவை என்றாலும், அவற்றிலுள்ள உரையும் படமும் எங்கிருந்து வந்தன என்பது எப்போதும் எழுதப்பட்டிருப்பதில்லை. பள்ளித் தளத்தில் இருப்பதாலேயே ஒன்று சரிபார்க்கப்பட்டுவிட்டது என்று எண்ணும் பழக்கம் நமக்கு இருக்கிறது. இதை நான் உண்மையாகவே கவலையோடு சொல்கிறேன்.

திறந்த இணையத்தில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். தமிழ் இணையத்தின் செல்வம் சிறியதன்று. மதுரைத் திட்டம் 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளிலிருந்து பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் தந்துவருகிறது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. தமிழ்நாட்டுப் பாடநூல்களைக் கட்டணமின்றிப் பதிவிறக்கலாம். இவ்வளவு இருந்தும், சிங்கப்பூர்க் கல்லைப் பற்றித் தமிழில் தேடியபோது முதலில் கையில் அகப்பட்டவை பெருமிதக் கட்டுரைகள்தாம்.

அவற்றின் அடிப்படையில் ஓர் உண்மையான செய்தி இருக்கிறது. எஞ்சிய துண்டில் "கேசரிவ" என்று வாசிக்கத்தக்க எழுத்துகள் இருப்பதாகவும், அது "பரகேசரிவர்மன்" என்னும் சோழர் பட்டப்பெயரின் பகுதியாக இருக்கலாம் என்றும் 2019இல் ஓர் ஆய்வாளர் கருத்து வெளியிட்டார். இராசேந்திர சோழனின் கடற்படை 1025இல் சுமத்திராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயப் பேரரசின் மீது சென்றதை நாம் அறிவோம். ஆகவே அக்கருத்து ஆராயத்தக்கது. ஆனால் எழுத்து, பழைய ஜாவாவில் வழங்கிய காவி என்னும் எழுத்துமுறையைச் சேர்ந்தது என்றும், மொழி பழைய ஜாவானியமாகவோ சமஸ்கிருதமாகவோ இருக்கலாம் என்றும் கருதுவோர் உண்டு. காலமும் பத்தாம் நூற்றாண்டுக்கும் பதினான்காம் நூற்றாண்டுக்கும் இடையே ஊசலாடுகிறது. "இருக்கலாம்" என்று ஆய்வாளர் எழுதியது, ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்குப் போகும்போது "இருக்கிறது" ஆகி, அங்கிருந்து "நிரூபணமானது" ஆகி, கடைசியில் வாட்ஸ்அப்பில் "மறைக்கப்பட்ட வரலாறு" ஆகிவிடுகிறது. நம் முன்னோரைப் பற்றிய இனிய செய்தியைச் சந்தேகிப்பது தமிழாசிரியருக்கு எளிதன்று. எனக்கும் அது எளிதாக இல்லை. ஆனால் நமக்குப் பிடித்த செய்தியை நாம் சோதிக்காவிட்டால், பிடிக்காத செய்தியைச் சோதிக்கும்படி மாணவரிடம் சொல்லும் உரிமையை இழக்கிறோம்.

இதே இடத்தில்தான் யாரை மறந்தார்கள் என்ற கேள்வியும் எழுகிறது. இக்கட்டுரைகள் "நாம்" என்று சொல்லும்போது, அந்த "நாம்" என்பதற்குள் என் மலையாள வீட்டு மாணவன் இல்லை. தாய் மலாய்க்காரராகவோ சீனராகவோ உள்ள தமிழ்ப் பிள்ளைகளும் இல்லை. கல்லைச் சோழனின் கல் என்று மட்டும் சொன்னால், மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயு சொல்லும் பாடாங் கதை அடிபட்டுப் போகிறது. கலிங்க தேசத்திலிருந்து வந்த மல்லனோடு போட்டியிட்ட பாடாங், பெரும் பாறையொன்றைத் தூக்கி ஆற்றின் முகத்துவாரத்தில் எறிந்தான் என்பது அந்தக் கதை. அந்தப் பாறையே இந்தக் கல் என்று நெடுங்காலமாகச் சொல்லிவந்திருக்கிறார்கள். வாசிப்பில் பின்தங்கியவருக்கும் வாய்மொழியாகச் சொன்னால் உடனே பிடிக்கும் கதை அது. உண்மையை மிகைப்படுத்திய அதே வாக்கியம், வகுப்பிலுள்ள ஒரு பிள்ளையையும் வெளியே தள்ளிவிட்டது.

ஒரு தளத்தை எப்படிச் சோதிப்பது என்பதில் நான் பின்பற்றுவது பக்கவாட்டு வாசிப்பு. ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மக்ரூ இருவரும் வரலாற்றறிஞர் பத்துப் பேர், தொழில்முறை உண்மை சரிபார்ப்போர் பத்துப் பேர், இளநிலைப் பட்டப்படிப்பு மாணவர் இருபத்தைந்து பேர் ஆகியோரிடம் அறிமுகமில்லாத இணையதளங்களைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். அறிஞர்களும் மாணவர்களும் பலமுறை அந்தத் தளத்துக்குள்ளேயே மேலிருந்து கீழாகப் படித்து, அதன் தோற்றத்தையும் பெயரையும் கண்டு ஏமாந்தார்கள். சரிபார்ப்போரோ உடனே அதைவிட்டு வெளியேறி, புதிய பக்கங்களைத் திறந்து, அத்தளத்தைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தார்கள். 2017இல் வெளியான இந்த ஆய்வைப் படித்தபோது, கவனமாகப் படி, முழுதாகப் படி என்று மாணவரிடம் நான் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தது இணையத்துக்குப் போதாது என்று உணர்ந்தேன். தேசிய நூலக வாரியம் 2013 முதல் நடத்திவரும், தகவலைச் சரிபார்க்கக் கற்பிக்கும் "ஷூர்" திட்டமும் மூலத்தைப் பார்ப்பதில்தான் தொடங்குகிறது. ஆனால் தமிழில் பக்கவாட்டாக வாசிப்பதில் ஒரு சிக்கல் உண்டு: ஐந்து தளங்கள் ஒன்றையே சொன்னால் அவை ஐந்து சான்றுகள் ஆகிவிடுவதில்லை, பல நேரங்களில் ஒரே பத்தியின் ஐந்து படிகளாகவே இருக்கின்றன. அதனால் வேறொரு மொழிக்கு ஒருமுறையேனும் போய்வர வேண்டியிருக்கிறது. ஆங்கிலம் நன்கு அறிந்த, தமிழில் தயங்கும் பிள்ளை வகுப்புக்குச் சொத்தாக மாறும் இடம் இது. அவரை அந்த வேலைக்கு முன்னே நிறுத்தலாம்.

எட்டுதல் என்ற அளவில் திறந்த இணையம் தரும் தொல்லைகள் சிறியவைபோலத் தெரியும், வகுப்பில் பெரிதாகும். பழைய தமிழ்ப் பக்கங்கள் பல ஒருங்குறிக்கு (யூனிகோட்) முந்திய எழுத்துருக்களில் இருக்கின்றன; அவற்றைப் படியெடுத்தால் புரியாத குறிகளாக விழும், திரைவாசிப்பான் மென்பொருளாலும் படிக்க முடியாது. வருடி எடுத்த பிடிஎஃப் கோப்பு கண்ணுக்குப் பக்கம்போலத் தோன்றினாலும் கணினிக்கு அது வெறும் படமே. எழுத்தைப் பெரிதாக்கி வரி இடைவெளியை அகலமாக்கிப் படிக்க வேண்டிய மாணவருக்கு அது பயன்படாது. காணொளிகளில் தமிழ் வசனவரி இருப்பது குறைவு. தானாக உருவாகும் வசனவரிகள் பேச்சுத்தமிழில் தடுமாறுகின்றன. காதொலிக் கருவி அணியும் மாணவர், பேசுபவரின் முகமும் தெரியாத, வசனவரியும் இல்லாத ஒரு காணொளியை ஏழு நிமிடம் பார்த்துக்கொண்டிருப்பது பாடமாகாது. இணைய அணுகுதன்மை நெறிமுறைகள் வசனவரியை அடிப்படை நிலையிலேயே கேட்கின்றன. எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 என்ற நிறவேறுபாட்டையும் கேட்கின்றன. மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்த காணொளிகளை நான் இந்த அளவுகோலால் மட்டுமே ஒதுக்கினேன்.

காப்புரிமையைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. 2021ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், லாப நோக்கமற்ற பள்ளிகளின் ஆசிரியர்களும் மாணவர்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றைக் கற்றல் கற்பித்தலுக்குப் பயன்படுத்த இடம்கொடுக்கிறது. எங்கிருந்து எடுத்தோம் என்பதையும் எந்தத் தேதியில் பார்த்தோம் என்பதையும் குறிப்பிட வேண்டும். சட்டம் கேட்கிறது என்பதற்காக மட்டுமன்றி, மாணவர் திரும்பிப் போய்ச் சரிபார்க்கக்கூடும் என்பதற்காகவும் இதைப் பயிற்சித்தாளின் அடியில் எழுதிவிடுவது நல்லது.

உள்ளூர்க் காப்பகங்களுக்கு வருகிறேன். தேசிய நூலக வாரியத்தின் கலைக்களஞ்சியத் தளத்தில் இந்தக் கல்லுக்கெனத் தனிக் கட்டுரை உண்டு. எது யாருடைய கருத்து, எப்போது சொன்னது என்று மூலத்தோடு எழுதியிருக்கிறார்கள். நம்பகத்தன்மையில் மற்ற மூன்று வழிகளும் இதற்கு அருகில் வரவில்லை. குறை என்னவென்றால், அது ஆங்கிலத்தில் இருக்கிறது, பெரியவர்களுக்காக எழுதப்பட்டது. தமிழ் மூலங்கள் வேண்டுமென்றால் நூலகத்தின் செய்தித்தாள் தொகுப்பில் தமிழ் முரசின் பழைய இதழ்கள் இருக்கின்றன. ஆனால் அங்கேயும் ஒரு தடை காத்திருக்கிறது. தமிழ்நாடு 1978இல் அறிமுகப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தைச் சிங்கப்பூரும் பின்னர் ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்திய இதழ்களில் லை, னை, றா, னா போன்ற எழுத்துகள் பழைய வடிவில் இருக்கும். வாசிப்பில் ஏற்கெனவே தடுமாறும் பிள்ளையிடம் அந்தப் பக்கத்தைக் கொடுப்பது சரியன்று. ஒரு சிறு துணுக்கை மட்டும் பெரிதாக்கிக் காட்டி, எழுத்தும் மாறும் என்பதை உணர்த்தப் பயன்படுத்தலாம். படிக்கப்படாத கல்லுக்கு அது நல்ல முன்னுரையாகவும் அமையும். மற்றபடி இந்த வழியில் ஆசிரியர் தாமே தமிழில் எழுத வேண்டும். நூற்றெண்பது சொல்லில் ஓர் உரைப்பகுதியை எழுதிச் சரிபார்த்து முடிக்க எனக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆனது. வாரத்துக்கு ஒருமுறை இப்படிச் செய்ய யாராலும் இயலாது.

நான்காவது வழி மிக விரைவானது. செயலி ஒன்றிடம் கல்லைப் பற்றி உயர்நிலை ஒன்றுக்கு ஏற்ற பத்தி கேட்டேன், நொடிகளில் வந்தது, நடை பிழையின்றி இருந்தது. பிறகு, கல்லில் எழுதியிருப்பது என்ன என்று கேட்டேன். "யாருக்கும் தெரியாது" என்ற விடை வந்திருக்க வேண்டும். மாறாக, ஓர் அரசனின் வெற்றியைப் பற்றியது என்று தயக்கமே இல்லாமல் எழுதித் தந்தது. தெரியாது என்பதே பாடத்தின் மையமாக இருக்கும்போது, வெற்றிடத்தை நிரப்பும் கருவி பாடத்தையே அழித்துவிடுகிறது. மொழியிலும் ஓர் இடைவெளி இருக்கிறது. நம் பாடத்திட்டம் வலியுறுத்தும் பேச்சுத்தமிழில் உரையாடல் கேட்டால், எழுத்துத்தமிழும் தமிழ்நாட்டு வட்டாரப் பேச்சும் கலந்து வருகிறது. அடுக்குமாடி வீடும் உணவங்காடியும் மின்தூக்கியும் உள்ள பிள்ளையின் உலகம் அதில் இல்லை. ஏஐ சிங்கப்பூர் அமைப்பு 2023இல் வெளியிட்ட சீ-லயன் போன்ற, தமிழையும் இவ்வட்டார மொழிகளையும் கருத்தில் கொண்ட மாதிரிகள் இதை மாற்றக்கூடும் என்று நம்புகிறேன்.

ஆனால் ஒரு வேலையை இது நன்றாகச் செய்தது. நான் எழுதிச் சரிபார்த்த உரைப்பகுதியைக் கொடுத்து, இதில் இல்லாத எதையும் சேர்க்காமல் சிறு வாக்கியங்களாக மாற்றித் தா என்று கேட்டபோது, ஏறக்குறைய பயன்படுத்தத்தக்க வடிவம் கிடைத்தது. இரண்டு "இருக்கலாம்"களை அது விழுங்கியிருந்தது. அவற்றை மீண்டும் சேர்த்தேன். எளிமையாக்கும்போது முதலில் உதிர்வது ஐயச்சொல் என்பதை எந்த ஆசிரியரும் கவனிக்க வேண்டும். ஏனென்றால் அப்போது எளிய வடிவத்தைப் படிக்கும் பிள்ளைக்கு மட்டும் பொய்யான வரலாறு போய்ச்சேரும். மாணவரின் பெயரையோ குறைபாட்டின் விவரத்தையோ இத்தகைய செயலிகளில் உள்ளிடக் கூடாது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. பிள்ளைக்கு என்ன தேவை என்று சொன்னால் போதும், அவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

என் முடிவு இது. அடிப்படை உரைப்பகுதி காப்பகத்திலிருந்து நான் எழுதியதாகவே இருக்கும். அதன் மூன்று வடிவங்கள், அதாவது முழு வடிவம், சிறு வாக்கிய வடிவம், நானே பேசிப் பதிவு செய்த ஒலிவடிவம் ஆகியவை மாணவர் கற்றல் தளத்தில் ஒரே பக்கத்தில் பெயரில்லாமல் இருக்கும். எதை எடுப்பது என்பதை மாணவரே தீர்மானிப்பார். இவருக்கு இது என்று நான் பிரித்துக் கொடுத்தால், பிரிவுகளை ஒழித்த அறைக்குள் அவற்றை மீண்டும் கொண்டுவந்தவன் ஆவேன். கற்றலை முதலிலேயே பல வழிகளில் அமைத்துவிட வேண்டும், பின்னால் ஒட்டுப்போடக் கூடாது என்பது, அமெரிக்கக் கல்வி ஆய்வு அமைப்பான காஸ்ட் நிறுவனம் வளர்த்து 2024இல் மூன்றாம் பதிப்பாகப் புதுப்பித்த அனைவருக்குமான கற்றல் வடிவமைப்பின் கருத்து. விடையைப் பேசியும் எழுதியும் வரைந்தும் தரலாம் என்று வைத்திருப்பதும் அதனால்தான். திறந்த இணையத்தின் பெருமிதக் கட்டுரை ஒன்றை ஒதுக்கிவிடாமல், இரண்டாம் வாரத்தில் சோதனைப் பொருளாக வைக்கிறேன். நால்வர் கொண்ட குழுக்கள் அதைவிட்டு வெளியேறி, அதிலுள்ள ஒவ்வொரு கூற்றையும் தெரிந்தது, ஊகம், ஆசை என்று பிரிப்பார்கள். செயற்கை நுண்ணறிவுக்கு எளிமையாக்கும் வேலை மட்டுமே தரப்படும்.

இரண்டு வாரம் செலவிடும் பாடத்துக்கு இந்த உழைப்பு தகும். ஒரே பாடவேளையில் முடியும் பொருளுக்கு மாணவர் கற்றல் தளத்தின் ஆயத்தப் பாடத்தை எடுத்து, அதில் மூலத்தையும் வசனவரியையும் மட்டும் சரிபார்த்துப் பயன்படுத்துவதே விவேகம். ஒரு பள்ளியில் தமிழாசிரியர் இருவரோ மூவரோதான் இருப்பார்கள். ஆளுக்கு ஆண்டுக்கு ஓர் உரைப்பகுதி என்று இரண்டு மூன்று பள்ளிகள் பங்கிட்டுக்கொண்டால் அந்த ஐந்து மணி நேரத்தின் சுமை குறையும். அப்படிப் பகிரும்போது எடுத்த இடத்தையும் தேதியையும் சேர்த்தே பகிர வேண்டும்.

இன்னும் முடிவாகாத ஒன்று ஒலிவடிவம். காதொலிக் கருவி அணியும் மாணவருக்கு ஒலியோடு என் முகமும் தெரியும்படி காணொளியாகப் பதிவு செய்வதா, வசனவரி போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை இடைவேளையில் அவரிடமே கேட்கப்போகிறேன். அதன் பிறகுதான் பதிவு.